அஞ்சல்வழி அடைபட்டது, மாலை வகுப்பு எங்கே?

2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில் பல்கலைக் கழக மானியக் குழு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. உளவியல், சத்துணவு இயல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் முதலிய பாடங்களை அஞ்சல்வழியிலோ இணையவழியிலோ எந்தப் பல்கலைக் கழகமும் நடத்தக் கூடாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதற்கொண்டு புதிய மாணவரைச் சேர்க்கவும் கூடாது என்பது அதன் சாரம்.

மூட்டை தூக்குகிறவருக்கும் இட்லிக் கூடை சுமக்கிறவருக்கும் உளவியல் முதுகலைப் பட்டத்தோடு என்ன சம்பந்தம் என்று நம் வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் பாண்டுப்பிலும் இருக்கிற நம் வீடுகளில், ஆண்டுக்கு ஒருவர் இருவராக, நம் பெண்பிள்ளைகள் இந்தப் படிப்பைத் தேடிப் போகத் தொடங்கியிருந்தார்கள். பகலில் துணிக் கம்பெனியில் கணக்கு எழுதுவார்கள்; மாலையில் தம்பி தங்கைகளுக்குச் சோறு வடிப்பார்கள்; எல்லாரும் படுத்த பிறகு பத்தடிக் கோலிக்குள் விளக்கை மறைத்து வைத்துக்கொண்டு தபாலில் வந்த புத்தகத்தைப் படிப்பார்கள். அவர்களுக்கென்று திறந்திருந்த ஒரே கதவு அந்த அஞ்சல்வழிதான். அது அடைபட்டது பற்றி நாம் பேசாவிட்டால் வேறு யார் பேசப் போகிறார்கள்?

இந்தப் படிப்பு என்ன?

முதலில் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். நம் வீடுகளில் இதைப் பற்றி இருக்கிற எண்ணம் விசித்திரமானது. "ஏட்டி, பைத்தியக்காரங்களுக்குப் படிக்கிற படிப்பையா படிக்கே? நாளைக்கு உன்னைக் கட்டிக்க எவன் வருவான்?" என்று கேட்கிற தாய்மார்களை நாம் அறிவோம்.

உளவியல் என்பது மனிதர் எப்படி நினைக்கிறார், எப்படிக் கற்கிறார், எதற்கு அஞ்சுகிறார், கூட்டத்தில் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை ஆராய்ந்து அறிகிற துறை. இந்திய மண்ணில் இதற்கு நூறாண்டு கடந்த வரலாறு உண்டு. கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் 1916-இலும், மைசூரில் 1924-இலும், சென்னைப் பல்கலைக் கழகத்தில் 1943-இலும் இதற்கெனத் துறைகள் தோன்றின.

பாடவழி முதுகலை என்றால் ஆய்வேடு ஒன்றை மட்டும் எழுதிப் பெறுகிற பட்டமன்று. இரண்டாண்டுக் காலம் தாள்தாளாகப் படித்துத் தேர்வு எழுத வேண்டும். அறிவாற்றல் உளவியல், ஆளுமை, சமூக உளவியல், குழந்தைப் பருவம் தொட்டு முதுமை வரையிலான வளர்ச்சி, புள்ளியியல், ஆய்வு முறைகள் ஆகியவை முதலாண்டில் வரும். இரண்டாம் ஆண்டில் நோய்சார் உளவியல், ஆலோசனை உளவியல், தொழில் உளவியல் என்ற பிரிவுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு செய்முறைப் பயிற்சியும் ஒரு சிறு ஆய்வும் முடிக்க வேண்டும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் இந்த வரிசையில்தான் அஞ்சல்வழியில் நடத்தி வந்தது. எந்தப் பாடத்தில் இளங்கலை முடித்தவரும் அதில் சேரலாம் என்று இருந்தது. வணிகவியல் படித்துவிட்டு வேலைக்குப் போன பிள்ளைக்கும் அது இடம் கொடுத்தது. நம்மவர் சேர்ந்ததற்குக் காரணமே அதுதான்.

இந்தப் பட்டம் எது அன்று என்பதையும் சொல்ல வேண்டும். உளவியலில் எம்.ஏ. முடித்த ஒருவர் மருத்துவர் ஆகிவிடுவதில்லை. மருந்து எழுத முடியாது. நோய்சார் உளவியலாளர் என்று தம்மை அழைத்துக்கொள்ளவும் அந்தப் பட்டம் மட்டும் போதாது. அதற்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பெயர் பதிவாக வேண்டும். முதுகலைக்குப் பிறகு மருத்துவமனையிலேயே இரண்டாண்டு முழுநேரப் பயிற்சியோடு எம்.ஃபில். முடிப்பது அதற்கான வழியாக இருந்து வந்தது. 2022 நவம்பரில் வந்த விதிகளால் எம்.ஃபில். என்ற பட்டமே நாடெங்கும் நிறுத்தப்பட்டது. நோய்சார் உளவியலுக்கு 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புக் கொடுத்தார்கள். விதி அடிக்கடி மாறுகிற துறை இது. படித்தவர் வீட்டுப் பிள்ளைக்கு அதைச் சொல்ல அத்தையோ மாமாவோ இருப்பார். நம் பிள்ளைக்கு யார் இருக்கிறார்?

அரசின் வாதத்தில் பாதி நியாயம்

மானியக் குழுவின் அறிவிப்புக்குப் பின்னால் 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டம் இருக்கிறது. மருத்துவத்துக்குத் துணையான தொழில்களை ஒழுங்குபடுத்தத் தேசிய ஆணையம் அமைத்த சட்டம் அது. உளவியலாளர்களும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். மனிதரின் உடலையும் மனத்தையும் தொடுகிற தொழிலைத் தபாலில் கற்றுக்கொள்ள முடியாது, நேரில் ஆசிரியரின் கண்காணிப்பில் பயில வேண்டும் என்பது வாதம்.

இந்த வாதத்தை நாம் எள்ளி நகையாடப் போவதில்லை. தற்கொலை எண்ணத்தோடு வருகிற ஒருவரிடம் எப்படிப் பேசுவது என்பதைப் புத்தகத்தைப் பார்த்து மட்டும் கற்றுக்கொண்டவரிடம் நம் வீட்டுப் பிள்ளையை அனுப்பச் சம்மதிப்போமா? மாட்டோம். அரைகுறைப் பயிற்சியின் தீங்கு முதலில் ஏழையின் தலையில்தான் விடியும். பணம் உள்ளவர் அடுத்த வைத்தியரிடம் போய்விடுவார். நாம் ஒருமுறை ஏமாந்தால் மறுபடி அந்தப் பக்கமே தலை வைக்க மாட்டோம். ஆகவே தரம் வேண்டும் என்பதில் அரசுக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை.

நம் கேள்வி வேறு. அஞ்சல்வழியை மூடிய கை, அதற்கு ஈடாக எதைத் திறந்தது? வேலைக்குப் போகிறவர் படிக்க மாலைக் கல்லூரி திறந்ததா? பொதுப் பல்கலைக் கழகங்களில் இடங்களைப் பெருக்கியதா? பயிற்சிக் காலத்தில் உதவித் தொகை தருவதாகச் சொன்னதா? அந்த அறிவிப்பில் தடை இருந்தது. மாற்று வழி இல்லை. பாலத்தில் விரிசல் என்று சொல்லிப் பாலத்தை அடைத்தார்கள். சரி, அடைக்கட்டும். ஆற்றைக் கடக்கப் படகு விட வேண்டாமா?

பகலில் நடக்கிற வகுப்பு யாருக்காக? சம்பளம் இல்லாமல் இரண்டாண்டு உட்கார்ந்து படிக்க வசதி உள்ளவருக்காக. தனியார் பல்கலைக் கழகங்களின் விளம்பரங்களில் சிரிக்கிற முகங்களைப் பார்த்தாலே அது விளங்கும். நம் பிள்ளை இரண்டாண்டு வேலையை விட்டால் கோலி வாடகையை யார் கொடுப்பது?

இடம்பெயர்ந்தவருக்கு இரட்டைத் தடை

இங்கே நமக்கே உரிய இன்னொரு சங்கடமும் உண்டு. தமிழ்நாட்டில் பட்டியல் இனத்தைச் சேர்ந்த குடும்பம் பிழைப்புக்காக மராட்டியத்துக்கு வந்தால், இங்கே மாநில அரசின் கல்வி நிலையங்களில் அந்த ஒதுக்கீட்டை அது கோர முடியாது. மும்பை மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கேட்ட, வேறு மாநிலத்திலிருந்து வந்த குடும்பத்து மாணவர் ஒருவரின் வழக்கில் உச்சநீதி மன்றம் 1990-இல் இதை முடிவு செய்தது. 2018-இல் அரசியல் சட்ட அமர்வும் மாநிலப் பணிகளைப் பொறுத்தவரை இதே கொள்கையை உறுதி செய்தது. மைய அரசின் நிறுவனங்களில் சொந்த மாநிலச் சான்றிதழ் செல்லும். மாநிலக் கல்லூரியில் செல்லாது. ஊரில் சேரியில் வாழ்ந்த பாட்டனின் பேரப்பிள்ளை, இங்கே சேரியைவிட நெருக்கமான சந்தில் வாழ்ந்துகொண்டு, பொதுப் பிரிவில் போட்டியிட வேண்டும்!

ஆகவே மைய அரசின் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் நமக்கு வெறும் வசதி மட்டுமாக இருக்கவில்லை. இரண்டு மாநிலங்களுக்கு நடுவே தொங்குகிற குடும்பங்களுக்கு அது ஒரு பிடிமானம். அந்தப் பிடிமானம் இந்தப் படிப்பைப் பொறுத்தவரை போய்விட்டது.

நமக்கு ஏன் நம் பிள்ளைகளே வேண்டும்?

"பிள்ளைகள் படிக்க எத்தனையோ பாடம் இருக்கிறதே, இதையே ஏன் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்?" என்று சில அன்பர்கள் கேட்கிறார்கள். பதில் சொல்வது நம் கடமை.

மனநோய் வசதி படைத்தவரின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. புள்ளிவிவரம் வேறு கதை சொல்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்த நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்களில் 26.4 விழுக்காட்டினர் தினக்கூலிகள். நான்கில் ஒருவருக்கு மேல்! வேறு எந்தத் தொழிற் பிரிவினரும் இத்தனை பேர் இல்லை. பெங்களூரிலுள்ள நிமான்ஸ் நிறுவனம் 2015-16-இல், தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை இருப்பதாகக் கண்டது. அவர்களில் பெரும்பாலோர் எந்த மருத்துவமும் பெறாதவர்கள்.

அந்தத் தினக்கூலி தமிழராக இருந்து, அவருடைய ஆலோசகருக்குத் தமிழ் தெரியாவிட்டால் என்ன நடக்கும்? கால் முறிந்தவர் விரலை நீட்டிக் காட்டலாம். மனம் முறிந்தவர் எதைக் காட்டுவார்? பேச்சுதான் அங்கே கருவி, பேச்சுதான் மருந்து. "நெஞ்சடைக்கிறது", "மனசு விட்டுப்போச்சு", "என்னமோ போல இருக்கு" என்று நம் தாய்மார்கள் சொல்கிற சொற்களுக்கு உடைந்த இந்தியில் என்ன ஈடு? இந்த நகரத்து மருத்துவமனைகளில் பத்து வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்று, தாய் சொல்வதை மொழிபெயர்த்துச் சொல்கிற காட்சியை நம் தோழர்கள் கண்டிருக்கிறார்கள். கணவன் அடிப்பதையும் கிணற்றடி நினைவு வருவதையும் எந்தத் தாய் தன் பிள்ளையின் வாய்வழியே சொல்லுவாள்? சொல்ல மாட்டாள். "தலைவலி" என்று மட்டும் சொல்லுவாள். தலைவலி மாத்திரையோடு வீடு திரும்புவாள்.

மொழியின் இன்றியமையாமையை அரசும் அறியும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற தொலைபேசி உதவித் திட்டம் 14416 என்ற எண்ணில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் இயங்குவது அதனால்தான். இந்த எண்ணை ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் எழுதி வைக்கும்படி நாம் வேண்டுகிறோம். ஆனால் தொலைபேசிக் குரல் தெருவில் வந்து நம்மோடு நிற்காது. அதற்கு நம் சந்தில் பிறந்து, நம் பேச்சறிந்து, முறையாகப் பயின்ற ஒருவர் வேண்டும்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பள்ளியில் ஆங்கிலமும் கேட்டு வளர்கிற பிள்ளை ஆறு வயதில் திணறினால் "மந்தபுத்தி" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். பிள்ளைக்குத் தெரியாத மொழியில் அறிவைச் சோதித்தால் என்ன விடை வரும்? இந்தச் சிக்கலை இத்துறை அறிஞர்கள் அறியாதவர்கள் அல்லர். எழுத்தறிவு இல்லாதவரையும் சோதிக்கத்தக்க செயல்வழிச் சோதனைத் தொகுதி ஒன்றை சி.எம். பாட்டியா என்ற அறிஞர் 1955-லேயே இந்தியாவில் வெளியிட்டார். கட்டைகளை அடுக்குவது, உருவங்களை வரைவது, படத்துண்டுகளைச் சேர்ப்பது என்று அமைந்த சோதனை அது. கருவி இருக்கிறது, நம் பிள்ளைக்காக அதைக் கையில் எடுக்க ஆள் வேண்டும்.

உளவியல் யார் பக்கம்?

பாட்டாளி மக்களாகிய நமக்கு இந்தத் துறையின் மேல் ஐயம் இருப்பதும் இயல்பே. தொழில் உளவியல் என்ற பிரிவு முதலாளிக்கு ஊழியம் செய்து வளர்ந்த வரலாறு உண்டு. அமெரிக்காவில் சிகாகோ அருகே ஹாதார்ன் என்ற தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள் அத்துறையின் பாடநூல்களில் எல்லாம் இடம்பெறுபவை. உற்பத்தியைப் பெருக்க விளக்கை மாற்றினார்கள், இடைவேளையை மாற்றினார்கள், 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளரை நேர்கண்டார்கள். கடைசியில் ஓர் அறையில் 14 தொழிலாளரை வைத்து ஆராய்ந்தபோது, யாரும் அளவுக்கு மீறி வேலை செய்வதில்லை என்று அவர்கள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது தெரிய வந்தது. மீறினால் கூலி விகிதம் குறையும், கூட்டாளிக்கு வேலை போகும் என்பது அவர்கள் அச்சம். நிர்வாகம் அதை உற்பத்தித் தடை என்று பார்த்தது. நாம் அதைத் தொழிலாளரின் தற்காப்பு என்று படிப்போம். ஒரே ஆய்வு, படிக்கிற கண்தான் வேறு.

இன்னோர் ஆய்வும் உண்டு. ஆஸ்திரியாவில் மாரியந்தால் என்ற சிற்றூரில் நூற்பாலை மூடப்பட்டு ஊரே வேலை இழந்தது. 1931-32-இல் மரீ யகோடா என்ற இளம்பெண்ணும் அவருடைய தோழர்களும் அங்கே போய், வேலையின்மை மனிதரை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார்கள். தெருவில் ஆண்கள் நடக்கிற வேகத்தைக்கூட அளந்தார்கள், நடை தளர்ந்திருந்தது. படிக்க நேரம் ஏராளமாக இருந்தும் நூலகத்தில் எடுக்கப்பட்ட நூல்கள் பாதியாகக் குறைந்திருந்தன. வேலை போனால் கூலி மட்டும் போவதில்லை, நாளுக்கு ஓர் ஒழுங்கும் மனிதருக்கு ஓர் இடமும் போகின்றன என்று அந்த ஆய்வு காட்டியது.

1982 ஜனவரி 18-இல் தொடங்கிய மும்பை ஆலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் மறுபடி ஆலை வாசலை மிதிக்கவில்லை. 2020 மார்ச் 25-இல் நாடு பூட்டப்பட்டபோது வேலையற்றுக் கோலிக்குள் கிடந்த ஆண்களை நாமே பார்த்தோம். மாரியந்தாலின் தளர்ந்த நடையை நம் தெருக்களில் அளந்து எழுதுவதற்கு நம்மிடையே எத்தனை பேர் பயின்றவர்கள் இருந்தார்கள்? இந்த அறிவை நாம் கற்காவிட்டால் அது இல்லாமல் போய்விடாது, நம்மீது பயன்படுத்தப்படும். அவ்வளவுதான் வேறுபாடு.

பெற்றோருக்குச் சில சொற்கள்

தடை வந்த இடத்தில் தரகர்கள் முளைப்பார்கள். "ஆறு மாதத்தில் உளவியல் ஆலோசகர்" என்று பட்டயம் விற்கிறவர்கள் வருவார்கள். தாலியை அடகு வைத்துப் பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பட்டம் தருகிற நிறுவனத்துக்கு மானியக் குழுவின் ஏற்பு உண்டா? வகுப்பு நேரில் நடக்கிறதா? பயிற்சி எந்த மருத்துவமனையில், யார் கண்காணிப்பில், எத்தனை மணி நேரம்? முடித்தபின் மறுவாழ்வுக் குழுமத்திலோ புதிய ஆணையத்திலோ பதிவு கிடைக்குமா? விடையை எழுத்தில் வாங்குங்கள். எழுதிக் கொடுக்க மறுக்கிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று அஞ்சுகிற தாய்மார்களுக்கு ஒன்று சொல்வோம். செவிலியர் படிப்புக்கும் ஒருகாலத்தில் இதே பேச்சுப் பேசினோம். இன்று செவிலியரான பெண்ணின் சம்பளத்தில் எத்தனை குடும்பங்கள் தலைநிமிர்ந்து நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

நாம் கேட்பது

ஒன்று: மும்பையிலும் பிற தொழில் நகரங்களிலும் பொதுப் பல்கலைக் கழகங்கள் உளவியல் முதுகலைக்கு மாலை வகுப்புத் தொடங்க வேண்டும். இரண்டாண்டுப் படிப்பை வேலை செய்கிறவர்கள் மூன்றாண்டில் முடிக்க விடுங்கள். செய்முறைப் பயிற்சியை ஞாயிற்றுக் கிழமைகளில் நகராட்சி மருத்துவமனைகளில் நடத்துங்கள்.

இரண்டு: பயிற்சிக் காலத்துக்கு உதவித் தொகை வேண்டும். கூலியில்லா உழைப்பைப் பயிற்சி என்ற பெயரில் வாங்கக் கூடாது.

மூன்று: தடைக்கு முன் அஞ்சல்வழியில் சேர்ந்து படித்தவர்களின் பட்டம் எந்தெந்த வேலைக்குச் செல்லும் என்பதை அரசு தெளிவாக அறிவிக்க வேண்டும். பயிற்சியில் குறை இருந்தால் அதை ஈடுசெய்ய இணைப்புப் பயிற்சி கொடுங்கள். அவர்களை நடுத்தெருவில் விடாதீர்கள்.

நான்கு: பொது மருத்துவமனை ஆலோசகர் பணியில், நோயாளியின் தாய்மொழி அறிந்தவருக்கு அதை ஒரு தகுதியாகவே கணக்கிட வேண்டும். இது தமிழருக்கு மட்டும் கேட்பதன்று. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தோழர்களுக்கும் சேர்த்தே கேட்கிறோம்.

ஐந்து: இடம்பெயர்ந்த பட்டியல் இனக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, ஒதுக்கீட்டுச் சிக்கல் தீருகிற வரையில், கட்டணச் சலுகையாவது மாநில அரசு வழங்க வேண்டும்.

அரசிடம் கேட்டுவிட்டுக் கைகட்டி நிற்பதும் சரியன்று. ஒவ்வொரு கிளையும் தன் வட்டாரத்தில் இந்தப் படிப்பில் இருப்பவர், பாதியில் விட்டவர், சேர விரும்புகிறவர் ஆகியோரின் பட்டியலை எடுக்கட்டும். படிக்க இடமில்லாத பிள்ளைக்கு இரவு பத்து மணிவரை கிளை அலுவலகத்தின் விளக்கு எரியட்டும். பட்டியல் கைக்கு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு பல்கலைக் கழகத்தின் வாசலுக்குப் போவோம். "மாலை வகுப்புக்கு மாணவர் கிடைக்க மாட்டார்கள்" என்று அவர்கள் சொல்லும்போது, மேசைமேல் வைக்க நம்மிடம் பெயர்கள் இருக்க வேண்டும்.